தேயிலைப் பூப் போட்ட சுவெட்டர்

பழைய சுவெட்டர் ஒன்றைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குளிர் மலையில் பிறந்தவள் சுவெட்டர் மேல் கோபப்படலாமா என்று கேட்பவர்கள், என் அக்காவோடு கண்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

நான் நின்றேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு, அக்காவுக்குக் கிளினிக் நாள். அவள் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுப்பவள். நான் கண்டியில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை செய்து, கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருப்பவள். நெஞ்சில் சளி கட்டி இழுக்கிறது என்று அவளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினாள். சேலைக்கு மேல் ரோஸ் நிறத்தில் ஒரு சுவெட்டர். அவளைப் போல் இரண்டு பேர் உள்ளே போகலாம், அத்தனை பெரிது. நெஞ்சுக்குக் குறுக்கே கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தது: உலகத்திலேயே சிறந்த தாத்தா.

பின்னால் நின்ற இரண்டு பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள்.

"என்னா புள்ள எழுதிருக்கு இதுல?"

"ஒண்ணுமில்லக்கா. கம்பனிப் பேரு."

அந்தப் பொய்யைச் சொன்னபோது எனக்குக் காது சுட்டது. எந்த நாட்டிலோ எந்தக் கிழவனோ போட்டுக் கழித்தது, கப்பலேறி வந்து, கண்டி வீதியோரத் தார்ப்பாயில் குவிந்து, அங்கிருந்து என் அக்காவின் முதுகுக்கு வந்திருக்கிறது. அவள் வாழ்க்கை முழுக்க அப்படித்தான். அப்பா போன பிறகு பதினைந்து வயதில் கூடையை முதுகில் மாட்டியவள். எனக்குக் கண்டியில் ஹொஸ்டல், புதுச் சப்பாத்து, புதுக் கொப்பி. அவளுக்கு அந்தக் குவியலில் கிளறி எடுத்த சுவெட்டர். அவள் அளவுக்கு என்று ஒரு நூல்கூட இதுவரை யாரும் பின்னியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தாத்தா சுவெட்டரின் நடுவில் மேலிருந்து கீழ்வரை பொத்தான் வைத்திருந்தது. வெள்ளைக்காரன் வைத்த பொத்தானல்ல, அக்கா வைத்தது. தலை வழியாகப் போடும் சுவெட்டர் எங்கள் தோட்டத்துப் பெண்களுக்குச் சரிப்படாது. சேலை கலையும், கொண்டை குலையும். அதனால் வாங்கிய கையோடு கத்தரியை எடுத்து முன்பக்கத்தை நடுவில் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமா? அம்மா வெட்டிப் பார்த்திருக்கிறேன், அக்கா வெட்டிப் பார்த்திருக்கிறேன். நகரத்துக்கு வந்த பிறகு மண்டையில் இருந்ததெல்லாம் கழன்று விழுந்துவிட்டது.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். அவளுக்கென்று ஒரு சுவெட்டர் பின்னுவேன். புது நூலில், அவள் அளவில்.

பின்னல் நான் ஊரடங்கு நாட்களில் போனைப் பார்த்துப் பழகியது. குவியலில் வாங்கிய பழைய சுவெட்டர்களைப் பிரித்து, அந்த நூலில் கையைப் பழக்கினேன். கழுத்தைச் சுற்றித் தோள் வரைக்கும் வட்டமாகப் பூவேலை இறங்கும் ஒரு வகை உண்டு. பனி நாட்டுக்காரர்கள் தங்கள் ஊர் மரத்தையும் பனிப்பூவையும் அதில் பின்னுவார்கள். அவர்களுக்குப் பனி என்றால் எங்களுக்கு என்ன? தேயிலைதான். எல்லாரும் போடுகிற இரண்டு இலை ஒரு மொட்டு எனக்கு வேண்டாம். பெட்டியிலும் பஸ்ஸிலும் விளம்பரப் பலகையிலும் பார்த்துப் பார்த்துப் புளித்துப் போனது அது.

அந்தத் தைப்பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். அக்கா கொழுந்தெடுக்கும் மலை முழுவதும் பூத்திருந்தது. தேயிலைக்குப் பூ வரும் என்பதே நகரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. வெள்ளை இதழ், நடுவில் கொத்தாக மஞ்சள். "ஐயோ, எவ்ளோ அழகுக்கா!" என்று கூவிக்கொண்டு பத்துப் பதினைந்து போட்டோ எடுத்தேன். ஒரு கிளையை ஒடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பாதையில் நின்றாள். அவள் முகத்தை அன்றைக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் என்ன குறைந்து போயிருப்பேன்? இதை நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கும்.

கணக்குக் கொப்பியின் சதுரக் கட்டங்களில் பூவை வரைந்தேன். கழுத்தோரம் பச்சை மொட்டு, மிளகளவு. அதற்குக் கீழே கொஞ்சம் பெரிய மொட்டு. அடுத்து வெள்ளை எட்டிப் பார்க்கும் மொட்டு. மார்புக்கு வரும்போது விரிந்த பூ. அதன் கீழே வரிசையாக இலை. கொப்பிக்குள் இருந்த கிளையில் எப்படி இருந்ததோ அப்படியே. மஞ்சளை மட்டும் கடைசியில் ஊசியால் தைத்தேன்.

அளவு கேட்டால் அக்கா தரவில்லை. "எனக்கென்னா அளவு? கெடைச்சதப் போடுறவ நான்," என்று போனை வைத்துவிட்டாள். எரிச்சல் தாங்காமல் அடுத்த முறை போனபோது கொடியில் காய்ந்த அவளுடைய சட்டை ஒன்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். காணாமல் போன சட்டைக்காக, லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராக்காரியோடு, அதாவது அடுத்த அறைக்காரியோடு, அவள் ஒரு வாரம் சண்டை பிடித்தாளாம்.

ஏழு மாதம் பின்னினேன். காலையில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகராமல் நிற்கும் நேரமெல்லாம் மடியில் ஊசிதான். கந்தோரில் ஒருத்தி எட்டிப் பார்த்து, "தேயிலைக்குப் பூவா? சும்மா சொல்லாதீங்க," என்றாள். ஒரு நாளைக்கு ஆறு கோப்பை தேத்தண்ணி குடிக்கிறவள். அந்த ஆத்திரத்தோடு பின்னியதில் பின்பக்கம் ஓடும் நூலை இறுக்கி இழுத்துவிட்டேன். பூவெல்லாம் சுருங்கி, கழுத்து ஒரு போத்தல் வாய் அளவுக்கு வந்தது. எட்டு வரிசை பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டு நிறத்தில் பின்னும்போது கோபப்படக் கூடாது, கோபம் நேராக நூலில் இறங்கிவிடும். எனக்கோ கோபம் இல்லாத நாளே இல்லை.

முடித்து, அலசி, காயவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து எடுத்து மடியில் போட்டேன். சந்தோஷத்தில் அழுவாள் என்று நினைத்திருந்தேன், உண்மையைச் சொன்னால்.

அவள் பூவைப் பார்த்தாள். முகம் கறுத்தது.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"என்னத்த?"

"நக்கல் பண்றியா? நீயுமா?" சுவெட்டரைச் சுருட்டி என் மேலேயே எறிந்தாள். "ஊரே சிரிக்கிறது போதாதுன்னு நீ பின்னிக் கொண்டாந்து மாட்டிவிடப் போறியா? எடுத்துக்கிட்டுப் போ!"

எனக்கு வந்ததே ஒரு கோபம். ஏழு மாதம்! கழுத்து பிடித்து, விரல் மரத்து, பஸ்ஸில் கண்டவளின் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பின்னியது. "ஒனக்குப் பின்னினேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்! அந்தத் தாத்தா சுவெட்டரே போட்டுக்கிட்டுக் கெட!" என்று கத்தினேன். தாத்தா என்றதும் அவள் விழித்தாள். கம்பனிப் பேரைப் பற்றிய என் பொய் அத்தோடு போயிற்று. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தோம். சுளகில் அரிசி அப்படியே கிடந்தது.

அவள் எழுந்து உள்ளே போய், அலுமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். சிங்களத்தில் இருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள்.

நான் வாசித்தேன். அக்காவோடு சேர்த்து ஆறு பெண்களின் பெயர். இவர்கள் தங்களுக்குக் கொடுத்த நிரைகளில் ஒழுங்காகக் கொழுந்து எடுக்காததால் அந்த மலை பூத்து வீணாகிவிட்டது. அதனால் மலையை மூடப் போகிறார்கள், இனி அங்கே கொழுந்தெடுப்பு இல்லை. செக்ரோலிலிருந்து, அதாவது தோட்டத்து வேலையாட்களின் பதிவிலிருந்து, இந்த ஆறு பேரின் பெயரையும் ஏன் வெட்டக் கூடாது என்று திங்கட்கிழமை கந்தோருக்கு வந்து சொல்ல வேண்டும். பெயர் வெட்டினால் வேலை மட்டும் போகாது. வேலையில் பெயர் இல்லாதவளுக்குக் காம்பரா எதற்கு என்று அடுத்த கடிதம் வரும். அக்கா பிறந்த காம்பரா அது. நானும் அங்கேதான் பிறந்தேன்.

"கொழுந்தெடுக்கிறவ நிரையில ஒரு பூ இருந்தாலே வெக்கம்," என்றாள் அக்கா. "செடிய கவனிக்காம விட்டாத்தான் அது பூக்கும். அந்தக் காலத்துல ஒரு பூ இருந்தாக் கங்காணி மானத்த வாங்கிருவாரு. இப்ப மல பூராவும் தையிலருந்து ஓயாம பூத்து நிக்கிது. நீ வந்து போட்டோ புடிச்ச."

"ஏன் எடுக்கல நீங்க?"

"அனுப்புனாத்தானே எடுக்கிறது! ஏழு நாளைக்கு ஒருக்காப் போக வேண்டிய மல. மாசத்துக்கு ஒருக்கா அனுப்புனாங்க. அப்பொறம் அதுவும் இல்ல. நெதமும் காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போயி நின்னோம். வேல இல்ல, வீட்டுக்குப் போன்னாங்க. இப்ப நாங்க விட்டுட்டோமாம்!"

நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழி சுமத்திய பூவையே அழகாக வரைந்து, பின்னி, அவள் கழுத்தில் மாட்ட வந்திருக்கிறேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சுவெட்டரை இழுத்து, கழுத்தோரத்து முடிச்சைத் தேடினேன். கழுத்துதான் கடைசியில் முடிவது. அந்த முடிச்சை அவிழ்த்து இழுத்தால் பூ முழுவதும் வரிசை வரிசையாகக் கழன்றுவிடும்.

"என்னா பண்ற?"

"பிரிக்கிறேன். பூ வேணாம்."

"குடு இங்க." வெடுக்கென்று பிடுங்கினாள். வெளிச்சத்துக்குக் கொண்டு போய் முகத்தருகே வைத்துப் பார்த்தாள். கழுத்தோரத்து மிளகு மொட்டை விரலால் தொட்டாள். கீழே இறங்கினாள். அடுத்தது, அடுத்தது, விரிந்த பூ. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தை மட்டுமே பார்த்த கண் அது. தப்பு இருந்தால் உடனே பிடித்துவிடும்.

"இதெல்லாம் எங்கருந்து பாத்துப் போட்ட?"

"ஒன் மலையில ஒடிச்ச கிளைதான். ஒரே கிளையில எல்லாம் இருந்திச்சி."

அவள் விரல் மறுபடி மிளகு மொட்டுக்கு ஏறியது. "இந்த மொட்டு பூவாக மாசக்கணக்கா ஆகும் புள்ள," என்றாள். "கொழுந்தெடுக்கிற ஒரு ரவுண்டு தவறினா இது வராது. ரெண்டு தவறினாலும் வராது. நாளைக்கி இதத்தான் போட்டுக்கிட்டுப் போறேன்."

காலையில் அடுத்த ரகளை. சுவெட்டரை இப்படியும் அப்படியும் புரட்டினாள். "பொத்தான் எங்க?"

"அது தலை வழியாப் போடுறதுக்கா."

"ஆத்தாடி! ஏழு மாசம் பின்னினவளுக்கு ஒரு பொத்தான் வைக்கத் தெரியல?" கத்தரியை எடுத்துவிட்டாள். பூவின் நடுவில் வைக்கப் போனாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஆள் ஓடி வந்தது. திட்டிக்கொண்டே கொண்டையை அவிழ்த்து, தலையை நுழைத்து, சேலையைச் சரிசெய்து, மறுபடி கொண்டை போட்டாள். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் நின்றது. அவள் தோளை ஒரு தரம் அசைத்துப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

தோட்டத்துக் கந்தோரில் உதவி மனேஜரான சின்னத் துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். இளம் வயது, சிங்களவர், தமிழ் தெரியாது. பக்கத்தில் கிளாக்கர் நின்றார். எங்கள் ஆள்தான், இங்கே சொல்வதை அங்கே சொல்வது அவர் வேலை. ஆறு பெண்களும் சுவரோரம் நின்றார்கள். அக்காவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். கிளாக்கர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன்.

அவர் கண் அக்காவின் நெஞ்சில் விழுந்தது. "என்னா இது? பூவப் போட்டுக்கிட்டு வந்து கேலி பண்றீங்களா? அதக் கழட்டி வச்சிட்டு வா."

"கழட்ட ஏலாதுங்கய்யா," என்றாள் அக்கா, உட்கார்ந்தபடியே. "தல வழியாப் போட்டது. சேல கலையும், கொண்ட குலையும். ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்க, கழட்டுறேன்."

சுவரோரம் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. கிளாக்கருக்கு முகம் செத்துப் போயிற்று. சின்னத் துரை என்னவென்று கேட்டார். அக்கா காத்திருக்கவில்லை. கழுத்தோரத்தில் விரலை வைத்தாள்.

"இது மொத மொட்டு. கொழுந்தெடுக்காம விட்ட கெளையில வர்றது. இதுலருந்து இது வர மாசமாகும். இதுலருந்து இது வர இன்னும் மாசமாகும். பொறவு இது வெள்ள காட்டும். பொறவு பூ. அம்புட்டு மாசம் நாங்க தெனமும் பெரட்டுல நின்னோம். எங்கள அந்த மலைக்கு அனுப்பாதது யாரு? நாங்களா பூக்க வச்சோம்?"

கிளாக்கர் சின்னத் துரையின் பக்கம் திரும்பி, சிங்களத்தில் ஒரே வரி சொன்னார். தவறு நடந்துவிட்டது, மன்னிக்கச் சொல்கிறாள்.

எனக்கு உடம்பெல்லாம் நெருப்பு. இந்த வாய் இத்தனை வருடமாக எத்தனை பேருடைய பேச்சை இப்படித் தின்றிருக்கும்? "அப்படி அவ சொல்லல!" என்று தமிழில் கத்திவிட்டு, மேசைக்கு முன்னால் போய் நின்று, அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். ஹொஸ்டலும் புதுக் கொப்பியும் எனக்கு வாங்கித் தந்த சிங்களம். அவள் விரல் ஒவ்வொரு மொட்டிலும் நின்றது, நான் ஒவ்வொன்றையும் சொன்னேன். கிளாக்கர் நடுவில் வாயைத் திறந்தார். "நீங்க பேசாம இருங்க," என்றேன்.

சின்னத் துரை சுவெட்டரைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மலை அங்கேயேதான் இருந்தது, வெள்ளையாக. கடைசியாக மலைக்கு ஆள் அனுப்பிய நாள் எது என்று கிளாக்கரிடம் கேட்டார். கிளாக்கர் புத்தகத்தை எடுக்கவில்லை, தரையைப் பார்த்தார். ஆறு கடிதங்களையும் வாங்கி வைக்கச் சொன்னார் சின்னத் துரை. பெரிய துரையிடம் பேசுவதாகவும், அதுவரை பெயர் வெட்ட மாட்டார்கள் என்றும் சொன்னார். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. மலையைத் திறப்பதாகவும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் பெயர் வெட்டவில்லை, மலையும் மூடித்தான் கிடக்கிறது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெளியே வந்ததும் மற்ற ஐந்து பெண்களும் அக்காவைச் சூழ்ந்துகொண்டு சுவெட்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கே வாங்கியது, குவியலிலா, என்று ஒருத்தி கேட்டாள்.

"வாங்கினதில்ல," என்றாள் அக்கா. "எனக்குன்னு அளவெடுத்துப் பின்னினது."

சட்டை திருட்டுப் போன கதை அவளுக்கு எப்போது விளங்கியது என்று தெரியவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பஸ் வரும் பாதைக்கு இருவரும் இறங்கினோம். வெயில் ஏறிவிட்டது. அக்காவின் நெற்றியில் வேர்வை வழிந்தது. கழட்டச் சொன்னேன், கேட்கவில்லை. பாதி வழியில் பூத்துக் கிடந்த ஒரு செடிக்கு முன்னால் நின்றாள். ஒரு கிளையைத் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டினாள்.

"நல்லாப் பாரு. தேயிலப் பூ தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கும். நீ எல்லாத்தையும் நிமிந்து பாக்கிற மாதிரிப் போட்டு வச்சிருக்க."

எனக்குச் சுருக்கென்றது. இதற்கும் ஒரு குறையா? "சரி, குடு. பிரிச்சுத் திருப்பிப் போட்டுத் தாறேன்," என்று கையை நீட்டினேன்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒண்ணும் வேணாம். நிமிந்தே இருக்கட்டும்."